ஒருமுறை மட்டும் பூ கேட்டவன்

தந்தி வந்தபோது நான் பலா மரத்தில் ஏணி சாத்தி மிளகு பறித்துக்கொண்டிருந்தேன். காளப்பநாயக்கன்பட்டி தபாலாபீசிலிருந்து மலையேறி வந்த ஆள் மரத்தடியில் நின்று மூச்சு வாங்கியபடி, “ஏனுங்க, உங்களுக்குத் தந்திங்க” என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“எங்கூட்டுப் பையந்தான் குடுத்திருப்பான். அப்பன் உசுரோட இருக்கறானான்னு கேட்டிருப்பான். இருக்கறேன், மரத்து மேல இருக்கறேன்னு நீயே பதில் குடுத்துரு கண்ணு” என்றேன்.

அந்தச் சிரிப்புக்குக் காரணம் உண்டு. என் மகன் குழந்தைவேலு சில வருஷங்களுக்கு முன்பு வரை அப்படித்தான் தந்தி கொடுப்பான். அங்கே வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே, இங்கே எங்கள் வீட்டு விட்டம் சரிந்து எங்கள் மேல் விழுந்துவிட்டதாக அவனுக்கு ஓர் எண்ணம் வரும். வந்தால் போகாது. நாங்கள் நலம் என்று பதில் கிடைக்கும்வரை அவனுக்குச் சோறு இறங்காது. தந்தியைக் கொண்டுவந்து பதிலை வாங்கிப் போகிற ஆளுக்குக் கொடுத்த மோரிலும் பலாச்சுளையிலுமே என் சொத்தில் பாதி கரைந்தது என்று ஊரில் சொல்லிச் சிரிப்பேன். பிறகு அந்தத் தந்திகள் நின்றுபோயின. அதனால்தான், ‘அட, மறுபடி ஆரம்பித்துவிட்டானா’ என்று நினைத்தேன்.

கீழே கூடையைப் பிடித்துக்கொண்டு நின்ற அவன் அம்மா நல்லம்மா சிரிக்கவில்லை. “எறங்கி வந்து பாருங்க. அவன் இப்பல்லாம் தந்தி குடுக்கறதில்லீங்களே” என்றாள்.

இறங்கினேன். தந்தி இங்கிலீஷில் இருந்தது. என் எட்டாங்கிளாஸ் இங்கிலீஷுக்கும் எட்டுகிற அளவுக்குச் சின்னதாக இருந்தது. நிலைமை மோசம், உடனே புறப்படவும். அடியில் நடேசன் என்று பெயர். என் மகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இன்னொருவர் பெயர்.

மலையிறங்கி, பஸ் பிடித்து, ரயில் ஏறி நாங்கள் வந்து சேர்ந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் அவனோடு வேலை பார்த்த நீங்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தீர்கள். எங்களைப் பார்த்ததும் ஒருவரும் எதிரே வரவில்லை. வந்தால் சொல்ல வேண்டியிருக்கும் அல்லவா? நல்லம்மா என் கையைப் பிடித்தாள். சொல்லாமலே எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

அவனைப் பற்றி நினைவு மலருக்கு எழுதித் தரும்படி ரசாயனத் துறையிலிருந்து கேட்டபோது, ஆள் மாறிக் கேட்கிறீர்கள் என்றேன். நான் காளப்பநாயக்கன்பட்டியில் மாமன் வீட்டில் தங்கி எட்டாவது வரை படித்தவன். எட்டாவதோடு நிறுத்திக்கொண்டது நானல்ல, கணக்குப் பாடம். எங்கள் மலையூர்கள் அடங்கிய வாழவந்தி நாட்டில் எனக்குப் பேப்பர் படிக்கத் தெரிந்தவன் என்று ஒரு பெயர் உண்டு. மலைக்குப் பேப்பர் வருவதில்லை என்பதால் அந்தப் பெயர் இதுவரை கெடவில்லை. “பேசற மாதிரியே எழுதுங்க ஐயா, போதும்” என்றார் நடேசன் சார். என் மகனோடு ஒரே துறையில் பாடம் நடத்தியவர் அவர். தங்கியிருந்ததும் பக்கத்து அறையில். அவர் சொன்னதால் எழுதுகிறேன். குழந்தைவேலு எவ்வளவு நல்ல ஆசிரியன் என்று நீங்கள் எழுதுவீர்கள். அந்த இடத்தில் நிற்பதற்கு அவன் பட்ட பாட்டை நான் எழுத வேண்டும். அது உங்களில் சிலருக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல் நடந்துகொண்டவர்களுக்கு முதலில் ஒரு கும்பிடு.

அவனுக்குப் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்த சேதி வந்த அன்று, எங்கள் ஊர்க் காளி கோயில் பூசாரி கரியண்ணன் வீட்டுக்கு வந்தார். எனக்குப் பங்காளி, வயதில் மூத்தவர். அவனுக்குப் பெரியப்பா முறை.

“பையன் அங்க என்னத்தைச் சொல்லிக் குடுக்கறானாம்?” என்று கேட்டார்.

“ரசாயனம்” என்றேன்.

“அப்படின்னா?”

எனக்கும் தெரியாது. ஆனால் பேப்பர் படிக்கத் தெரிந்தவன் என்ற பெயரைக் காப்பாற்றியாக வேண்டுமே. “தண்ணியில எதெது கலந்திருக்குதுன்னு கண்டுபுடிக்கறது” என்றேன்.

“இதுக்குப் போயி எதுக்குச் சாமி இத்தன படிப்பு? அடிவாரத்துல பால் வாங்கறவளக் கேட்டா நாக்குல வெச்சுப் பாத்துச் சொல்லீருவா!”

லீவில் வந்தபோது இதை அவனிடம் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “நீங்க சொன்னதுல தப்பொண்ணும் இல்லீங்கப்பா. என்ன, அந்தம்மா ஒருதரம் நாக்குல வெச்சா முடிஞ்சுது. எனக்கு முடியறதில்லீங்க” என்றான். அப்போது அதை நான் வெறும் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் அவனுடைய ஆய்வுக்கூடத்தைப் பார்க்கப் போனேன். துவைத்த வேட்டி, புதுத் துண்டு, தோளில் ஒரு பலாப்பழம். வாசலில் இருந்த லேப் அட்டெண்டர் என்னை விட்டார், பழத்தை விடவில்லை. வாசம் உள்ளே போனால் பையன்களுக்கு எந்த வாயு எதுவென்று தெரியாமல் போய்விடுமாம். பழத்தை அவரிடமே கொடுத்துவிட்டு உள்ளே போய் ஒரு முக்காலியில் உட்கார்ந்தேன். என் மகன் குழாயடியில் நின்று கண்ணாடிக் குழாய்களைத் தானே கழுவிக்கொண்டிருந்தான். “சார் கழுவின குழாயில தீர்த்தம் பிடிச்சுச் சாமிக்கு வைக்கலாங்க. மத்தவங்க கழுவினதை எல்லாம் மறுபடி அவர் ஒருதரம் கழுவுவார்” என்றார் அட்டெண்டர். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டில் சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைக்காத பயலா இவன் என்று உட்கார்ந்து ரசித்தேன்.

சாயங்காலம் கூடத்தைப் பூட்டினான். பூட்டை இழுத்துப் பார்த்தான். நாங்கள் படியிறங்கினோம். திரும்பிப் போய் இழுத்தான். மறுபடி இறங்கினோம். மறுபடி போனான். விளையாடுகிறான் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் அட்டெண்டரைக் கவனித்தேன். அந்த மனுஷர் எதிரே நின்ற புங்கமரத்தை அன்றுதான் புதிதாகப் பார்க்கிறவர் மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். இது தினமும் நடக்கிறது, தினமும் அவர் இப்படித்தான் திரும்பிக்கொள்கிறார் என்று புரிந்தது. என் மகனின் விரல்களில் பூட்டு அழுந்திய தடம் சிவந்து கிடந்தது.

“என்ன கண்ணு, அந்தப் பூட்டு உனக்கு மாமன் மகளா? உட்டுட்டு வர மனசே வர மாட்டேங்குது?” என்றேன்.

சிரித்தான். சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண் நிறைந்துவிட்டது. நான் உடனே பலாப்பழத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன்.

இன்னொரு நாள். மே மாத லீவுக்கு ஊருக்கு வந்தான். அடிவாரத்திலிருந்து மலைப்பாதை முழுக்க நடந்து ஏறி, வீட்டு வாசலுக்கும் வந்துவிட்டான். நல்லம்மா கால் கழுவச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அதை வாங்கக் கை நீட்டியவன் அப்படியே நின்றுவிட்டான். ஆய்வுக்கூடத்தில் காஸ் குழாயை மூடினோமா என்ற எண்ணம். பையைக்கூட இறக்கவில்லை, திரும்பி நடந்தான்.

“ஊட்டுக்குள்ள கால வெக்காமப் போறியே! உங்கம்மா சாமைச்சோறு ஆக்கி வெச்சிருக்கறா. குழாய் தொறந்திருந்தா இந்நேரம் காலேசே பறந்து வந்து நம்ம தோட்டத்துல உழுந்திருக்கும்” என்று சொல்லிக்கொண்டே பின்னால் ஓடினேன்.

பாதி இறக்கத்தில் ஒரு பாறைமேல் உட்கார்ந்தான். நெற்றியில் கை வைத்துக்கொண்டு, “மூடிட்டேன்னு தெரியுதுங்கப்பா. மூடினது கண்ணுக்குள்ளயே நிக்குது. ஆனா தெரிஞ்சது பத்தலீங்க” என்றான்.

தெரிஞ்சது பத்தலை. இந்தச் சொல்லை நான் பிறகு எத்தனையோ நாள் வாயில் போட்டு மென்றிருக்கிறேன். அன்று அவன் எழுந்து போனான். இரவெல்லாம் ரயிலில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். குழாய் மூடித்தான் இருந்தது. எப்போதும் மூடித்தான் இருக்கும். ஒருநாளாவது அது திறந்து கிடந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்குமோ என்றுகூட எனக்குத் தோன்றியதுண்டு.

பரீட்சை நாளில் நடந்ததை உங்களில் பலர் நேரில் பார்த்தவர்கள். செய்முறைப் பரீட்சைக்கு வேண்டிய கரைசல்களை எல்லாம் அவன்தான் கலந்து, புட்டிகளில் ஊற்றிச் சீட்டு ஒட்டி வைத்திருந்தான். பையன்கள் அதைக் குழாயில் வாய்வைத்து உறிஞ்சி அளக்க வேண்டுமாம். ஒரு பையன் குழாயை உதட்டுக்குக் கொண்டுபோன நேரத்தில், சீட்டை மாற்றி ஒட்டிவிட்டோமோ, இவன் உறிஞ்சப்போவது விஷமோ என்ற எண்ணம் என் மகனுக்கு வந்துவிட்டது. “எல்லாரும் கீழ வையுங்க!” என்று கத்தினானாம். அத்தனை புட்டிகளையும் தன் கையாலேயே தொட்டியில் கொட்டினானாம். அன்றைய பரீட்சை நின்றுபோனது. கொட்டியதில் ஒன்றுகூடத் தப்பில்லை என்று பிற்பாடு தெரிந்தது.

துறைத் தலைவர் நல்ல மனிதர். அவனைத் திட்டவில்லை. லீவு கொடுத்து ஊருக்கு அனுப்பினார். ஆனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அடுத்த வருஷ வகுப்புகள் தொடங்குகிற நாளில் அவன் கரும்பலகை முன்னால் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போட்டாக வேண்டும். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. என் மகனுக்கோ அந்த வேலை சம்பளம் மட்டுமல்ல. “பாடம் நடத்தற நேரத்துல மட்டுந்தாங்கப்பா என் மண்டைக்குள்ள சத்தம் இல்லாம இருக்குது” என்பான். அந்த இடம் போனால் அவனுக்குப் போக்கிடம் இல்லை என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

அந்த லீவில் அவன் கைகளைப் பார்த்து நல்லம்மா அழுதாள். சோப்பும் தண்ணீரும் பட்டுப் பட்டு, காய்ந்த வயல் மாதிரி வெடித்துக் கிடந்தன. எங்கள் வீட்டுக்கு ஊற்றிலிருந்துதான் குடம் குடமாகத் தண்ணீர் சுமக்க வேண்டும். அவள் கொண்டுவருவாள், அவன் கழுவியே தீர்ப்பான். “ஏஞ்சாமி, ஊத்து வத்திப்போனா அப்புறம் எங்க போவ? ஆகாய கங்கை அருவிக்கா?” என்பாள். “கழுவினா ஒரு நிமிஷம் நிம்மதியா இருக்குதுங்கம்மா. அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான்” என்பான். அவள் அவன் இரண்டு கைகளையும் மடியில் எடுத்து வைத்து விளக்கெண்ணெய் தடவுவாள். எண்ணெய் காய்கிறவரை கையை விடவே மாட்டாள். அதுவரை அவன் எழுந்து குழாயடியைத் தேடி ஓட மாட்டான். எங்கள் வீட்டில் குழாய் ஏது, குடத்தைத் தேடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படிப்பு மண்டையில் ஏறிவிட்டது என்றார்கள் ஊரில். படிப்பு ஏறாத என் மண்டைக்கு அந்தப் பயம் இல்லை என்று அவர்களைச் சிரிக்கவைத்து அனுப்பிவிடுவேன். பெரிய ஊரில் ஒரு டாக்டரிடமும் அழைத்துப் போனேன். மாத்திரை கொடுத்தார். இது பைத்தியம் இல்லை, பொறுப்பு மிகுந்தவர்களுக்கும் வருவதுதான், வெட்கப்படாதே என்று அவனிடம் பக்குவமாகச் சொன்னார். நோய்க்கு ஓர் இங்கிலீஷ் பெயரும் சொன்னார். பஸ் ஏறுவதற்குள் நான் அதை மறந்துவிட்டேன். எனக்கு அந்த நோயின் பெயர் தெரியாது, முகம் தெரியும்.

எங்கள் மலையில் பூ கேட்காமல் எதையும் தொடங்குவதில்லை. வெள்ளைப் பூ ஒன்றையும் சிவப்புப் பூ ஒன்றையும் தனித்தனியாக இலையில் ஒரே மாதிரி மடித்து, அம்மன் காலடியில் போட்டு, ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். விதைப்போ கல்யாணமோ, ஒரு காரியத்துக்கு ஒருமுறைதான் கேட்க வேண்டும். லீவு முடியப்போகிற சமயத்தில், “போறதா இருக்கறதான்னு பூ கேட்டுருவமுங்க” என்றாள் நல்லம்மா. ரசாயனம் படித்தவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். “கேக்கலாங்கம்மா. யாராச்சும் முடிவு பண்ணட்டும்” என்றான். அவ்வளவு களைத்திருந்தான்.

கரியண்ணன் பூவை மடித்துப் போட்டார். குழந்தைவேலு கண்ணை மூடி ஒன்றை எடுத்தான். வெள்ளை. நல்லம்மா கும்பிட்டாள். நானும் எழுந்து வேட்டியைத் தட்டினேன். அவன் மட்டும் நகரவில்லை.

“பெரியப்பா, மடிக்கறப்ப ஒரு இலை கொஞ்சம் பெருசா இருந்துச்சுங்க. கை தானா அங்க போயிருக்கும். இன்னொருக்காக் கேட்டுப் பாக்கலாங்களா?”

“கேக்கப்படாது சாமி.”

“இந்தத் தடவை நானே மடிக்கறனுங்க.”

“நீ மடிச்சாலும் படாது, உங்க காலேசு பெரிய வாத்தியார் வந்து மடிச்சாலும் படாது.”

“அப்ப இது சரியான பூதானான்னு எப்படிங்க தெரியும்?”

கரியண்ணனுக்கு மாடு கட்ட நேரமாகிவிட்டது. அவர் சலிப்போடு, “தெரியாது” என்றார். “போன வருசம் சாமைக்கு எனக்கு வெள்ளைதான் வந்துச்சு. மழை ஏமாத்திப்போட்டுது. உங்க அத்தை கண்ணாலத்துக்கும் வெள்ளைதான் வந்துச்சு. மாப்பிள்ளை லட்சணம் உனக்கே தெரியும்.”

“அப்ப பூ தப்பாவும் வருங்களா?”

“வரும்.”

“வந்தாலும் திருப்பிக் கேக்க மாட்டீங்களா?”

“மாட்டோம். நெசந்தானா நெசந்தானான்னு கேட்டுக்கிட்டே குந்தீட்டிருந்தா எப்பச் சாமி வெதைக்கறது? மாடு கத்துது, ஆளை உடு.”

அவர் போய்விட்டார். அவன் கோயில் முன்னால் கல்லில் உட்கார்ந்துவிட்டான். பூவைக் கையில் வைத்துக்கொண்டு அவன் பட்ட வேதனையை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். முகம் வேர்த்தது. இரண்டு தடவை எழுந்து பூசாரி வீட்டுப் பக்கம் பார்த்தான், மறுபடி உட்கார்ந்தான். வெயில் தாழ்ந்த பிறகு மெல்லப் பேசினான். “இத்தன நாளா நான் என்ன நெனச்சிருந்தேன் தெரியுங்களா? மத்தவங்களுக்கெல்லாம் நிச்சயமாத் தெரியும், எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரிய மாட்டேங்குதுன்னு. அவங்களுக்கும் தெரியலீங்கப்பா. தெரியாமத்தான் போறாங்க.”

வகுப்பு தொடங்குகிற நாளுக்கு அவனோடு நானும் போனேன். காவலுக்குப் போனேன் என்று பெருமையாகச் சொல்லலாம். உண்மையில் எனக்கு மலையில் இருப்புக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலம் ஆய்வுக்கூடப் படியில் காத்திருந்தேன். வந்தான், பூட்டினான், ஒருமுறை இழுத்தான். “பூ கேட்டாச்சு” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு படியிறங்கினான். நான் வழக்கம்போல வேடிக்கை பேச வாயைத் திறந்தேன்.

“பேசாதீங்கப்பா. நீங்க சிரிக்க வெச்சா நான் அதுக்குள்ள ஒளிஞ்சுக்குவேன். இந்தப் பாட்டைப் பட்டே நடக்கோணும்” என்றான்.

பேசாமல் இருப்பது எனக்குக் காய்ச்சல் மாதிரி. இருந்தேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். அந்தப் பிடியில் என் கை மரத்துப்போயிற்று. புங்கமரத்தடியில் நின்றான். பாம்பு தீண்டியவனுக்கு வேர்ப்பதுபோல் வேர்த்தது. கழுத்து நரம்பு திரும்பு திரும்பு என்று இழுக்கிறது, கால் போ என்கிறது. நடுவில் என் மகன். திரும்பவில்லை. நடந்தான். அறைக்கு வந்து பாயில் விழுந்து, நாள் முழுக்க மூட்டை சுமந்தவன் மாதிரி கிடந்தான்.

அந்த ஒரு நாளோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது கதை. எத்தனையோ நாள் தோற்றிருக்கிறான். ‘இன்று மூன்று பூ கேட்டுவிட்டேன் அப்பா, அம்மன் கோபித்துக்கொண்டிருப்பாள்’ என்று கடிதத்தில் எழுதுவான். ‘அம்மனுக்கு இங்கே வேறு வேலை இருக்கிறது, நீ நாளைக்குப் பார்’ என்று நான் எழுதுவேன். கொஞ்சம் கொஞ்சமாகத் தோற்ற நாட்கள் குறைந்தன. கைகள் ஆறின. தந்திகள் நின்றன. லீவில் வந்தால் சாமைச்சோற்றை உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டான். அவனிடம் படித்த ஒரு பையன் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னிடம் ஒன்று சொன்னான். தராசில் நிறுத்ததையே நிறுத்துக்கொண்டு தான் தடுமாறி நின்றபோது சார் பக்கத்தில் வந்து, “எழுதிட்டு வெளிய வா தம்பி. தப்பா இருந்தா இருக்கட்டும், நான் இருக்கேன்” என்றாராம். சொல்லிவிட்டு அந்தப் பையன் அழுதான்.

கடைசி நாளைப் பற்றி நடேசன் சார் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். முந்தின நாள் வயிற்றுவலி வந்திருக்கிறது. டாக்டரிடம் போயிருக்கிறான். அஜீரணம் என்று மருந்து கொடுத்து அனுப்பியிருக்கிறார். தொடக்கத்தில் அப்படித்தான் தோன்றுமாம். அவர்மேல் எனக்குக் குறையில்லை. மறுநாள் வலி கூடியிருக்கிறது. மேஜையைப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்தியிருக்கிறான். நடேசன் சார் பார்த்துவிட்டு, “வா, இன்னொரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடலாம்” என்று கூப்பிட்டிருக்கிறார்.

“நேத்தே கேட்டாச்சு நடேசன். ஒண்ணுமில்லைன்னுட்டார். திரும்பப் போய்க் கேட்டா அது வயித்து வலி இல்லை, என் பழைய வியாதி. அதை விடறதுக்கு நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாதா?”

அவருக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அவர் வற்புறுத்தவில்லை. குழந்தைவேலு வகுப்பை முடித்தான், கூடத்தைப் பூட்டினான், அறைக்குப் போய்ப் படுத்தான். குடல்வால் வெடித்திருக்கிறது. தூக்கிக்கொண்டு ஓடியபோது காலம் கடந்துவிட்டது. இல்லாத ஆபத்துக்கெல்லாம் மலையிறங்கி ஓடியவன், இருந்த ஆபத்துக்கு எதிர்த்தெரு டாக்டரிடம் மறுபடி போகவில்லை.

நடேசன் சார் என் காலைப் பிடித்துக்கொண்டு, “நான் இழுத்துக்கிட்டுப் போயிருக்கணும் ஐயா” என்று அழுதார். “எப்படி இழுப்பீங்க சார்? அவன் செயிச்சுட்டான்னு நெனச்சீங்க. நான் அங்க இருந்திருந்தாலும் அப்படித்தான் நெனச்சிருப்பேன்” என்றேன். இதை இங்கே எழுதுவது அவருக்காக. யாரும் அவரை ஒரு சொல் சொல்லக் கூடாது. உங்கள் எல்லோருக்கும், அவனிடம் படித்த பிள்ளைகளுக்கும் இன்னொன்று: உடம்பில் வலி என்றால் ஒருமுறை கேட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். பத்துமுறை கேளுங்கள். டாக்டர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

ஊருக்குத் திரும்பியபின் கரியண்ணன் வீட்டு வாசல்வரை வந்தார். உள்ளே வரவில்லை. “நாந்தானே அன்னிக்குப் பெரிய இவனாட்டம் பேசினேன்” என்றார். நான் அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்தேன். நல்லம்மா அவருக்குச் சோறு போட்டாள்.

பிறகு ஒருநாள் அவள் கேட்டாள். “அன்னிக்கு அந்தப் பூவைக் கேக்காம இருந்திருந்தா, இருந்திருப்பானுங்களா?” இல்லை, அது அவன் விதி என்றேன். அந்தப் பதில் அவளுக்கு அன்று மத்தியானம்வரை தாங்கியது. சாயங்காலம் மறுபடி கேட்டாள். மறுநாள் காலையில் அவள் கேட்பதற்கு முன்பே நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். பூ கேட்காவிட்டால் வேலைக்குப் போயிருக்க மாட்டான். போகாவிட்டால் ஒருமுறையோடு நிறுத்தப் பழகியிருக்க மாட்டான், இரண்டாவது முறையும் டாக்டரிடம் ஓடியிருப்பான், உயிரோடு இருந்திருப்பான். ஆனால் எப்படி இருந்திருப்பான்? குடத்தடியில் கை கழுவிக்கொண்டா? இல்லை, வேறு விதமாகவா? இப்படியே சுற்றுகிறது. ஒரு பதில் சொல்லிக்கொண்டால் கொஞ்சநேரம் நிம்மதி, பிறகு மறுபடி முதலிலிருந்து. இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும் வெளியிலிருந்தே பார்த்த அவன் வீட்டுக்குள் இப்போதுதான் நுழைந்திருக்கிறேன் என்று தோன்றுகிறது. இதைச் சுமந்துகொண்டா அந்தப் பிள்ளை தினமும் சட்டையை மாட்டிக்கொண்டு பாடம் நடத்தப் போனான்!

அவனுடைய துணிமணிகளைக் கொடுத்துவிட்டோம். புத்தகங்கள் உங்களிடமே இருக்கட்டும். எனக்கு அவற்றில் படங்கள்கூடப் புரியாது. நான் அவனிடமிருந்து எடுத்துக்கொண்டது வேறு. பதில் கிடைக்காத ஒரு கேள்வியை வைத்துக்கொண்டும் எழுந்து வேலைக்குப் போகலாம் என்று அவன் எனக்குச் செய்து காட்டினான். அன்று பூ கேட்டது சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. இனித் தெரியப்போவதும் இல்லை. காலையில் நல்லம்மா என் முகத்தைப் பார்க்கிறாள், நான் அவள் முகத்தைப் பார்க்கிறேன். இருவர் வாயிலும் அந்தக் கேள்விதான் இருக்கிறது. கேட்காமல் களி கிண்டுகிறாள். பதில் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போகிறேன். அவன் வகுப்புக்குப் போனதும் இப்படித்தான்.